எனக்காக மாமா நடந்த நடை

எங்கள் வீட்டில் என் இதயத்துக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. பிறக்கும்போதே அதன் உள்சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னாராம். அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு தனி ஆள். உறவுக்காரர்கள் வந்தால் கால் கழுவுவார்கள், மோர் குடிப்பார்கள், அப்புறம் என் சட்டையைத் தூக்கி நெஞ்சில் காதை வைப்பார்கள். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்கிறது என்பார் ஒருவர். சைக்கிள் ட்யூபில் காற்றுப் போகிற சத்தம் என்பார் இன்னொருவர். எதுவும் கேட்காதவர்களும் கேட்டதாகத்தான் சொல்வார்கள். மோர் குடித்தாயிற்றே, சும்மா போக முடியுமா?

ஓட்டை என்றால் ஒழுகும். ஒழுகினால் குறையும். குறைந்தால் நிரப்ப வேண்டும். இதுதான் அம்மாவின் மருத்துவம். நெய்யில் வாட்டிய ஏத்தன் வாழைப்பழம், உளுந்தங்களி, முட்டை என்று காலை முதல் நிரப்பிக்கொண்டே இருப்பாள். வாரத்துக்கொரு முறை ஆட்டுக்கால் ரசம். மலையேறி மேய்ந்த ஆட்டின் கால் என்று சொல்லிக் கேட்டு வாங்குவாள். ஆடு நடந்த நடையெல்லாம் ரசத்தில் இறங்கி என் காலுக்கு வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. வந்து சேர்ந்தது என்னவோ கன்னத்துக்கும் வயிற்றுக்கும்தான். பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வயதில் என்னை உட்கார வைத்துப் பார்த்தால் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. நிற்க வைத்துப் பார்த்தால் இரண்டு முருங்கைக்காயின் மேல் ஒரு பூசணிக்காய்.

நான் ஓடக்கூடாது, குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. பள்ளிக்கு வில்வண்டியில் போனேன். டிரில் வகுப்பில் மற்றவர்கள் கையைக் காலை வீசும்போது நான் வாகைமரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்குக் காவல் இருந்தேன். நாடு சுதந்திரம் அடைந்த சமயம் அது. இளைஞர்களின் புஜங்களை நம்பித்தான் பாரதம் இருக்கிறது என்று டிரில் மாஸ்டர் தினமும் முழங்குவார். பிறகு என்னைப் பார்த்து, "நீ உட்காரு, நீ உட்காரு" என்பார். சுதந்திர பாரதத்துக்கு என் பங்கு உட்காருவதுதான் என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மனசு உட்காரவில்லை. எனக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும். நாகர்கோவிலில், மாடியில், கண்ணாடிக் குழாய்களும் பித்தளைத் தராசுகளும் இருக்கிற சோதனைச்சாலையில் நின்று விஞ்ஞானம் படிக்க வேண்டும். ராத்திரி பகலாக அது ஒன்றுதான் நினைப்பு. தேர்வு எழுதி முடித்த கையோடு அதை அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவுக்கு வயல் விவசாயம் பேருக்கு. உண்மையான விவசாயம் கோர்ட்டில். வரப்பு வழக்கு, வாய்க்கால் வழக்கு, தென்னை ஓலை அடுத்தவன் கூரையில் விழுந்த வழக்கு என்று முப்போகமும் விளையும். எதையும் சட்டப்படி செய்வதுதான் அவர் பழக்கம். ஆகவே நான் கல்லூரியில் சேருவதற்கு முன்பே அவர் நாகர்கோவிலுக்குப் போய், எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் கொடுப்பதுபோல், "என் மகனுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்பதை இதனால் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். கல்லூரிக்காரர்கள் பயந்துபோனார்கள். சோதனைச்சாலை மாடியில் இருக்கிறது, பையன் படியேறுவான் என்று ஒரு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

அப்பா சந்தோஷமாகத் திரும்பி வந்தார். "கேட்டியா மக்கா, அவ்வளவுதான். நீ வீட்டில இருந்து வழக்குக் கட்டப் பாத்துக்கோ."

நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. நிரப்பாவிட்டால் ஒழுகித் தீர்ந்துவிடுவேன் என்று அம்மா அழ, எல்லோரும் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டோம்.

அந்த டாக்டரம்மா மலையாளக்கரைக்காரர். குரல் பாட்டுப் போல இருக்கும், சொல்வது அடி போல இருக்கும். நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். நகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரி மாடிப்படியைக் காட்டி ஏறச் சொன்னார். பாதிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது, தொடை நடுங்கியது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா படியேறி வந்து, நெஞ்சைத் தொடாமல், தையற்காரர் போல ஒரு நாடாவை எடுத்து என் கெண்டைக்காலை அளந்தார்.

"ஓட்டை உண்டு. கொச்சு ஓட்டை, சின்னது. அது அங்கேயே இருந்துட்டுப் போகட்டும். இது காலா, பப்படம் எடுக்கிற கம்பியா?" என்றார். "படுத்துப் படுத்துச் சதை எல்லாம் போயி. வயித்தில உள்ளது கொழுப்பு. காலில ஒண்ணும் இல்லை. சதை இல்லாத காலு ரத்தத்தை மேலே தள்ளாது. பாரம் முழுக்க ஹார்ட்டுக்கு. பாவம் அது, எத்தனை பேர் வேலையைப் பார்க்கும்?"

"அப்ப காலுக்கு ஒரு மருந்து எழுதுங்கோ" என்றார் அப்பா.

"நடை. அதுதான் மருந்து. தினமும் நடக்கணும்."

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

டாக்டரம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். மெல்லத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மூச்சு முட்டினால் நிற்க வேண்டும். தலை சுற்றினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உட்கார்ந்துவிட வேண்டும், வீரம் காட்டக்கூடாது. கல்லூரி திறப்பதற்கு முன்னால் வந்து இதே படியை ஏறிக் காட்டினால் சான்றிதழ். இல்லாவிட்டால் இல்லை.

எனக்குச் சிறகு முளைத்தது. அம்மாவுக்கு வயிறு எரிந்தது. வண்டியில் வரும்போதே தொடங்கிவிட்டாள்.

"பெத்தவளுக்குல்லா தெரியும் அருமை. தரையில கால் படாம வளத்த பிள்ளைய ரோட்டுல எறக்கி விடச் சொல்லுகா. நடந்து, அந்த ஓட்ட கிழிஞ்சு பெரிசாயிட்டுன்னா யாரு தைப்பா?"

"டாக்டரு எழுதுனத மீறப்பிடாது" என்றார் அப்பா. "உத்தரவு உத்தரவுதான். ஆனா உத்தரவுல ஒரு சந்து இருக்கும். அதக் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடித்தது அம்மா. சின்ன வயதில் எனக்காக அவள் கொல்லங்கோட்டில் பிள்ளைத் தூக்கம் நேர்ந்திருந்தாள். மீனபரணித் திருவிழாவில் நோன்பிருந்த ஒருவர் உயரத்தில் தூக்குவில்லில் தொங்கியபடி, குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார். நோன்பு இருந்தது அவர், தொங்கியது அவர், பலன் மட்டும் எனக்கு. அது செல்லும் என்றால் இது ஏன் செல்லாது? எனக்காக வேறு யாராவது நடந்தால் என்ன?

அப்பா தொடையில் தட்டினார். "ஏட்டி, அதாம் பாயிண்டு! வக்காலத்து குடுத்தா வக்கீல் பேசுனது கட்சிக்காரன் பேசுன மாதிரி. கோர்ட்டே ஏத்துக்கிடுது. ஒடம்பு ஏத்துக்கிடாதா?"

யார் நடப்பது என்ற கேள்விக்கும் பதில் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் நாஞ்சில் நாட்டில் முன்பு மருமக்கள் வழி. தாய்மாமன் சொத்து அவர் பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைக்குத்தான் வரும். அதைச் சட்டம் போட்டு நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. "நெலத்துக்குத்தான் சட்டம் போட்டான். நடைக்குப் போடலியே!" என்றார் அப்பா. "மாமன் வயலு மருமவனுக்கு வந்துதுன்னா, மாமன் நடை மட்டும் எங்க போவும்?"

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வந்து, திரும்பிப் போக மறந்தவர். நல்ல பெரிய உடம்பு. ஓட்டை இல்லாத இதயம். வேலை என்று எதுவும் இல்லை. மயிலாடி முக்கில் இருந்த டீக்கடையில் பத்திரிகை படித்து, திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதி எந்த மாகாணத்தோடு சேர வேண்டும் என்று முடிவு செய்வார். எல்லையை மலைக்கு அந்தப் பக்கம் நகர்த்தத் துடித்தாரே தவிர, பெஞ்சைவிட்டு அவர் நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

"நானா?" என்றார் மாமா. "அத்தான், எனக்கு முட்டு வலில்லா."

"ஒன் முட்டு வலி ஒனக்கு. நடை அவனுக்கு" என்றார் அப்பா. வழக்கு முடிந்தது.

மனிதனின் தசை அவனவன் உடம்பை அசைத்தால்தான் வளரும், அடுத்தவன் அசைத்தால் அடுத்தவனுக்குத்தான் வளரும் என்று நான் பள்ளிக்கூடத்து உடற்கூறு புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். அப்பா புரட்டிப் பார்த்தார். "இது வெள்ளக்காரன் ஒடம்பு" என்று மூடி வைத்தார்.

மறுநாள் விடியலில் மாமாவை என் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் படுத்தபடியே கை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டேன். அதுதான் அதிகாரப் பத்திரம் கைமாறுவது. அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். மாமா பலிக்குப் போகிற கிடா மாதிரி புறப்பட்டுப் போனார். வெயில் ஏறியபின் வந்து அப்பாடா என்று உட்கார்ந்தார். அவருக்கு இட்லி வந்தது. எனக்குப் போர்வை வந்தது.

"நீ கொஞ்சம் கெட மக்கா" என்றாள் அம்மா. "மாமன் அவ்வளவு தூரம் நடந்துட்டு வந்திருக்கான். ஒனக்கு அசதியா இருக்கும்."

இப்படியே நாள்கள் போயின. டாக்டரம்மா சொன்ன கெடு கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்தது. நான் கட்டிலில் கிடந்து உத்தரத்தை எண்ணினேன். ஒளிந்து நடக்கலாம் என்றால் அம்மா நிலைப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு காவல் இருப்பாள். கொல்லைக்குப் போய்வர நேரமானால்கூட வெளியே நின்று, "மக்கா, இருக்கியா?" என்று குரல் கொடுப்பாள்.

என்னைக் காப்பாற்றியது மாமாவின் பாதங்கள். ஒருநாள் இட்லி வைக்க வந்த அம்மா அவற்றைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே, காலுல ஒரு துளி புழுதி இல்லியே!"

"புல்லு மேலல்லா நடந்தேன்."

"இந்த வெயிலுல எங்கலே புல்லு?"

மாமா இட்லியில் கவனமானார். விஷயம் அப்பாவின் கோர்ட்டுக்குப் போனது. வயல் வழக்கில் கோர்ட்டார் ஒரு கமிஷனரை அனுப்பி நிலத்தை நேரில் பார்த்து வரச் சொல்வார்கள் அல்லவா, அதுபோல மாமாவின் நடையைத் தினமும் பார்வையிடவும் ஒரு கமிஷன் வேண்டும் என்று தீர்ப்பானது. யாரை அனுப்புவது? கும்பப்பூ நெல் அறுவடை முடியும் நேரம். வேலையாட்கள் களத்தில். வண்டி மாடுகள் களத்தில். அப்பா கோர்ட்டில். அம்மா முக்குக்குப் போகும் வழக்கமில்லை. வீட்டில் சும்மா இருந்த ஒரே ஆள் நான்தான்.

"ஆனா இவன் நடக்கப்பிடாது" என்றாள் அம்மா.

"என்னத்துக்கு நடக்கான்? சைக்கிள் கேரியர்ல இருத்திக் கொண்டு போவட்டும். டீக்கடை பெஞ்சுல இருந்து பாக்கட்டும்."

அப்படித்தான் நான் முதன்முதலாக மருந்துவாழ்மலையைக் காலை வெயிலில் பார்த்தேன். கேரியரில் இரண்டு தலையணை. அதன்மேல் நான். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்காக அவர் செய்த தேகப்பயிற்சி உண்மையில் அது ஒன்றுதான்.

டீக்கடை வந்ததும் அவர் என்னைப் பெஞ்சில் இறக்கிவிட்டு, ரோட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எண்ணெய்ச் சட்டியில் மிதந்த வடையைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெரிய சோகம் படர்ந்தது.

"மாமா, நீங்க இரிங்க" என்றேன். "நான் நடக்கேன்."

"ஏலே! நீ செத்துக்கித்துப் போனேன்னா ஒங்கம்ம என்னயக் கொன்னுருவாலே."

"நின்னு நின்னு நடக்கேன். மூச்சு முட்டுனா உக்காந்துருவேன். நீங்க இங்க இருந்தே பாக்கலாம். நான் கமிஷனரு, நீங்க நடந்தீங்கன்னு நான்தான சொல்லணும்?"

மாமா யோசித்தார். அவர் அவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. மாகாண எல்லைக்குக்கூட அவ்வளவு யோசித்ததில்லை.

"இந்த வடை ஆறுதவரைக்கும் நட" என்றார் கடைசியில். "ஆறுனதும் வந்துரணும்."

மயிலாடி ரோட்டில் இருபுறமும் கல்தச்சர்களின் ஓலைக்கொட்டகைகள். உளிச்சத்தம் மழை மாதிரி விழுந்துகொண்டிருக்கும். கொட்டகைகளுக்கு முன்னால் அம்மியும் ஆட்டுரலும், அவற்றைத் தாண்டிக் கால் கொத்தாத ஒரு நந்தி, அதையும் தாண்டிக் கோயில் தூண்கள், கடைசியில் வாய்க்கால் பாலம். அம்மிகள் வரைதான் முதல்நாள் போக முடிந்தது. நெஞ்சுதான் முதலில் மறியல் செய்யும் என்று கையை மார்பில் வைத்துக்கொண்டே நடந்தேன். அது சாதுவாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. மறியல் செய்தது தொடை. இதுவரை சம்பளம் வாங்கிச் சும்மா இருந்த ஆளை வேலைக்குக் கூப்பிட்டால் எப்படி முறைப்பானோ அப்படி முறைத்தது. ஒரு அம்மியின்மேல் உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொன்னது சரி என்று அப்போது எனக்குப் பட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கெண்டைக்கால் விண்ணென்று வலித்தது. கட்டிலிலிருந்து இறங்கும்போது நொண்டினேன். அம்மா பார்த்துவிட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளோ அடுக்களையை எட்டிப் பார்த்துக் கத்தினாள்:

"ஏலே, நாளைக்குப் பைய நட! நீ ஓட்டமா ஓடியிருக்க, இங்க இவனுக்குக் காலு வலிக்கி!"

மாமா மூன்றாவது இட்லியோடு தலையாட்டினார். "ஆமா அக்கா. இன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு."

அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க முடியாத கூட்டாளிகள் ஆனோம். காலையில் நான் அவர் முழங்காலைத் தொடுவேன். முக்கில் அவர் என் தோளைத் தட்டுவார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லையை நகர்த்துவார். நான் ரோட்டில் என் எல்லையை நகர்த்துவேன். நந்தி செய்துகொண்டிருந்த கல்தச்சர் உளியை நிறுத்திக் கேலி செய்வார்.

"தம்பி, நீரு இங்க வந்து சேருதுக்குள்ள என் நந்தி எந்திச்சுப் போயிரும் போலிருக்கே."

"அதுக்குத்தான் நீங்க இன்னும் கால் வைக்கலியே!"

"ஒமக்கும்தான் வைக்கல. ரெண்டு பேருக்கும் சேத்து வச்சுரலாமா?"

அவர் நந்திக்கு முன்னங்கால் கொத்தி முடிப்பதற்குள் நான் நந்தியைத் தாண்டிவிட்டேன். வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைத் தடவிப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. தோலுக்கு அடியில் சின்னதாக ஏதோ உருண்டது, எலிக்குஞ்சு மாதிரி. இந்த உலகத்தில் நானாகச் சம்பாதித்த முதல் சொத்து அது. மருமக்கள் வழியில் வந்ததில்லை.

சம்பாதித்தவனுக்குத் திமிர் வரும். எனக்கும் வந்தது. ஒருநாள் தூண்களையும் தாண்டி, வாய்க்கால் பாலத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று நிற்காமல் நடந்தேன். மூச்சு முட்டியது, நிற்கவில்லை. தலை சுற்றியது, அப்போதும் நிற்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் கண் இருட்டி ஒரு கற்பாளத்தின்மேல் சாய்ந்துவிட்டேன். தூரத்தில் கல்தச்சர், "ஓய், ஒம்ம பய விழுந்துட்டான்!" என்று கூவியது கேட்டது.

அப்போதுதான் மாமா ஓடினார். அவர் வாழ்க்கையில் ஓடிய ஒரே ஓட்டம் அதுவாகத்தான் இருக்கும். மேல்துண்டு ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம், வயிறு முன்னால், அவர் பின்னால். "மக்கா! மக்கா!" என்று கத்திக்கொண்டே வந்தவர் நந்திவரைதான் கத்தினார். அப்புறம் காற்றுதான் வந்தது. என் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது அவர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, வாய் மீன் மாதிரி திறந்து மூடியது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் படுத்துவிட்டார். கல்தச்சர் கொண்டுவந்த தண்ணீரை நான் வாங்கி மாமாவின் வாயில் ஊற்றினேன்.

மூச்சு திரும்பியதும் மாமா ஒரு கேள்வி கேட்டார்.

"மக்கா, உள்ளத சொல்லு. ஓட்ட ஒனக்கா, எனக்கா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு அந்த வீட்டுல சோறு எறங்குமாலே?" என்றார். சோற்றைத் தவிர வேறு எதன்மேலும் அவர் சத்தியம் செய்து நான் கேட்டதில்லை. அதனால் அதை நம்பினேன். மறுநாளிலிருந்து மூச்சு முட்டினால் நின்றேன். வீரம் போயிற்று, பாலம் வந்தது.

கல்லூரி திறக்க இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போனோம். அப்பா கோர்ட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். அம்மா வழியில் தெரிந்த கோபுரத்துக்கெல்லாம் கும்பிடு போட்டாள். நான் மனதுக்குள் படிகளை ஏறிக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா மாடிப்படியைக் காட்டினார். "ஏறு."

நான் காலெடுத்து வைப்பதற்குள் அப்பா குறுக்கே வந்தார். மாமாவைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"டாக்டரம்மா, நடந்தது இவன்தான். வக்காலத்து நடை. அதனால பரீட்சையும் இவனுக்கு வைக்கணும். அதுதான் முறை."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அப்பா பிள்ளைத் தூக்கம், வக்காலத்து, மருமக்கள் வழி மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். டாக்டரம்மாவின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "சரி. ஏறட்டும், பார்ப்போம்" என்றார்.

மாமா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் முன்பு உட்கார்ந்த அதே படிக்கு வந்ததும் உட்கார்ந்தார். மூச்சு கீழேவரை கேட்டது. டாக்டரம்மா ஓடிப்போய் அவர் நெஞ்சில் குழாயை வைத்தார்.

"இந்த ஆளுக்கு ஹார்ட்டில ஓட்டை இல்லை. ஆனா இது ஒரு நடையும் நடந்த உடம்பு இல்லை!"

குட்டு உடைந்தால் அம்மா என்னைப் படியேற விடமாட்டாள், சான்றிதழ் போச்சு. அம்மா என்னை மறுபடி கட்டிலில் போட்டுப் பூட்டிவிடுவாள். இனி யாரையும் பேச விடக்கூடாது என்று தோன்றியது. வேட்டியை மடித்துக் கட்டினேன். ஏறினேன். "ஐயோ என் பிள்ள!" என்று அம்மா அலறியது முதுகில் வந்து விழுந்தது. மாமா உட்கார்ந்திருந்த படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். அவர் யாருக்கும் கேட்காமல், "பைய, மக்கா, பைய" என்றார். பிறகு மேல்படி. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே புளியமரங்களின் உச்சி. மரங்களை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கி வந்ததும் டாக்டரம்மா குழாய் வைத்தார், உதட்டைப் பார்த்தார். நாடாவை எடுத்துக் கெண்டைக்காலை அளந்தார். எலிக்குஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேஜைக்குப் போய்ச் சான்றிதழ் எழுதத் தொடங்கினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தேன். அப்பா படியில் கிடந்த மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது, மேல்கோர்ட்டில் ஜெயித்த முகம்.

"கண்டியாட்டி!" என்றார் அம்மாவிடம். "மாமன் காலுல இருந்த பலம் பூரா மருமவன் காலுக்கு எறங்கீட்டு. ஒரு துளி மிச்சம் இல்ல. அதாலதான் இவனால ஏற முடியல. சொன்னேனா இல்லியா?"

அம்மா கண்ணீரோடு போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் குடுத்துட்டியேடா என் தம்பி!"

மாமா தியாகியாக இருப்பது எப்படி என்று அந்த நிமிடத்திலேயே கற்றுக்கொண்டார். "அவனுக்குத்தான அக்கா" என்றார், மெலிந்த குரலில்.

டாக்டரம்மா சான்றிதழை நீட்டினார். நான் வாங்கினேன். நிமிர்ந்து நின்றுதான் வாங்கினேன். அதன்பிறகு அவர் மாமாவின் பக்கம் விரலை நீட்டி, "நீங்க நாளை முதல் நடக்கணும். தினமும். இல்லாட்டி ஓட்டை இல்லாமலே ஹார்ட்டு நின்னு போகும்" என்றார்.

வண்டியில் திரும்பினோம். மயிலாடி நெருங்கும்போது அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டரு உத்தரவு. மீறப்பிடாது. ஆனா இவன் இருக்க நெலமையில இவன நடக்க விடலாமா?"

"எப்படி விடுகது?" என்றாள் அம்மா. "எல்லாத்தையும் குடுத்துட்டு வெறும் ஆளா இருக்கான்."

மூன்று பேரும் என் கால்களைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தடையில்லை. காலையில் கட்டிலில் மாமா படுத்திருப்பார். நான் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் கை நீட்டி என் முழங்காலைத் தொடுவார். அம்மா எனக்குத் திருநீறு பூசி, "மாமனுக்காகக் கொஞ்சம் தூரம் கூட்டி நட மக்கா" என்று வாசல்வரை வந்து சொல்லுவாள். இன்டர்மீடியட்டை நான் அப்படி நடந்துதான் முடித்தேன், அதற்கு மேலும் அப்படித்தான் நடந்து படிக்கிறேன். ஓட்டை இன்னும் இருக்கிறது. டாக்டரம்மா வருஷத்துக்கொருமுறை அதைக் கேட்டுவிட்டு, நாடாவால் காலை அளந்துவிட்டு அனுப்புகிறார். சோதனைச்சாலைப் படியில் பாதியில் ஒருமுறை நின்றுதான் ஏறுவேன். நிற்பதில் எனக்கு வெட்கமில்லை.

மாகாண எல்லை எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. மாமா முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார். பஸ்ஸுக்காக நான் முக்குக்கு விறுவிறுவென்று போகும்போது டீக்கடை பெஞ்சிலிருந்து பத்திரிகை கொஞ்சம் தாழும்.

"மக்கா, பைய நட. நேத்து நீ நடந்த நடையில எனக்கு ராத்திரி பூரா கால் கடுப்பு."